அருஞ்சொல்லும் அயன்மொழி வாசகனும்

ஜேம்ஸ் ஜோய்ஸ் எழுதிய 'சகோதரிகள்' என்னுஞ் சிறுகதையின் தொடக்கத்திலே, சிறுவன் ஒருவன் இரவுதோறும் ஒரு வீட்டின் சாளரத்தை நோக்கி நிற்கின்றான். அவனுக்கு இலத்தீன் உச்சரிப்புக் கற்பித்த முதிய பாதிரியார் உள்ளே நோய்வாய்ப்பட்டுக் கிடக்கின்றார். அந்நோயின் ஆங்கிலப் பெயர் 'பரலிசிஸ்'. தமிழிலே பாரிசவாதம் என்போம். சிறுவன் அப்பெயரைத் தனக்குள் மெல்லச் சொல்லிப் பார்க்கின்றான். அதன் ஓசை அவனுக்குப் புதுமையாக இருக்கின்றது. கேத்திரகணித நூலிற் கண்ட 'நோமன்' என்ற சொல்லும், சமய வினாவிடையிற் கண்ட 'சைமனி' என்ற சொல்லும் உடனே அவன் நினைவுக்கு வருகின்றன.

ஆங்கிலத்தை அயன்மொழியாகக் கற்கும் மாணவன் இக்கதையைக் கையிலெடுத்தவுடன் முதற் பக்கத்திலேயே இம்மூன்று சொற்களும் அவனை இடறுகின்றன. அவன் அகராதியைப் புரட்டுகின்றான்; ஓரத்திலே பென்சிலாற் பொருள் எழுதுகின்றான்; தன் ஆங்கில அறிவின் வறுமையை எண்ணி நொந்துகொள்கின்றான். ஆயின் கதையிலுள்ள சிறுவனும் அவனைப்போன்றவனே. ஆங்கிலம் பேசும் நகரிற் பிறந்து வளர்ந்த அவனுக்கும் அச்சொற்கள் முதலில் ஓசையாகவே வந்து சேர்ந்தன. பொருள் பின்னர்த்தான் வரவேண்டியிருந்தது. மாணவன் எவ்விடத்திலே தடுக்கி நின்றானோ, அவ்விடத்திலே எந்த வாசகனும் சற்றுத் தடுக்கி நிற்கவேண்டும் என்பது ஆசிரியரின் கருத்து. இதனை அறியாத மாணவன், கதை தனக்கு வேண்டுமென்றே தந்த அநுபவத்தைத் தன் குறைபாடு என்று கணக்கிட்டுக்கொண்டு மேலே செல்கின்றான்.

இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முதற் பகுதியில் எழுந்த ஆங்கிலப் புனைகதைகளைக் கற்பதில் அயன்மொழியாளனுக்குள்ள பெரிய இடர் இதுவே. இருளாய்த் தோன்றும் ஒரு தொடரைக் கண்டால், அவ்விருள் தன்னிடத்ததா நூலினிடத்ததா என்று அவனாற் பிரித்தறிய முடிவதில்லை. அதனினும் கொடியது, இருளே தோன்றாமல் அவன் நேரே கடந்து செல்லும் இடங்கள்.

நோமன் என்பதற்கு அகராதி இரு பொருள் தருகின்றது. சூரிய கடிகாரத்தில் நிழல் வீழ்த்தும் முள் ஒன்று. ஓர் இணைகரத்தின் மூலையிலிருந்து அதனை ஒத்த வடிவமுடைய சிறிய இணைகரத்தை வெட்டி எடுத்தால் எஞ்சி நிற்கும் உருவம் மற்றொன்று. சிறுவன் யூக்கிளிட்டின் பெயரையே சொல்லுதலால் இரண்டாவது பொருளே கொள்ளத்தக்கது. இவ்வளவையும் அகராதி தந்துவிடும். ஆயினும் ஒரு மூலை குறைந்த உருவம் ஒன்று இக்கதையின் வாயிலில் ஏன் நிறுத்தப்பட்டது என்பதை எந்த அகராதியும் சொல்லாது. கதையைத் தொடர்ந்து படிப்பவன் அதனைத் தானே காண்பான். கோட்டர் என்னுங் கிழவர் இறந்த பாதிரியாரைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கிச் சொல்லாது நிறுத்துகின்றார். சிறுவன் அன்றிரவு படுக்கையிற் கிடந்து, அம்முடியாத வாக்கியங்களின் பொருள் யாதென்று தலையைக் குழப்பிக்கொள்கின்றான். பாதிரியாரின் தங்கையர் பேச்சிலும் ஒரு மூலை எப்பொழுதும் குறைந்தே நிற்கின்றது. கதை முழுவதும் நோமன்களால் ஆயது என்று சொல்லிவிடலாம்.

இக்கதை முதன்முதலில் 1904ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், 'ஐரிஷ் ஹோம்ஸ்டெட்' என்னும் கமத்தொழிற் பத்திரிகையில், புனைபெயருடன் வெளிவந்தது. மூன்று சொற்களும் ஒருங்கு நிற்கும் அப்பகுதி அப்பொழுது இல்லை. பின்னர் நூலாக்கத்தின்பொருட்டுத் திருத்தியெழுதியபோதே ஆசிரியர் அதனைச் சேர்த்தார். 'டப்ளின் மாந்தர்' என்னும் அந்நூல் 1914இல் வெளிவந்தது. ஆதலின் அவ்வருஞ்சொற்கள் தற்செயலாக வந்து வீழ்ந்தவை அல்ல.

ஆயினும் இக்கதையிலுள்ள அருஞ்சொல் யாவும் இத்தகையன என்று எண்ணுவது பிழை. கோட்டர் சாராய வடிசாலைக் கதைகளை ஓயாது பேசுபவர். அவர் பேச்சிலே 'வேம்' என்றொரு சொல்லும் 'பெயின்ற்ஸ்' என்றொரு சொல்லும் வருகின்றன. மாணவன் அறிந்த பொருள்படி முன்னையது புழு, பின்னையது மயக்கம். இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு கிழவரின் பேச்சுக்கு ஆழ்ந்த பொருள் காணப் புகுவோனும் உளன். அழுகலும் மரணமும் பற்றிய குறியீடு என்று பரீட்சைத் தாளில் எழுதியும் விடுவான். உண்மையில் வேம் என்பது வடிகலத்தின் சுருட்குழாய். பெயின்ற்ஸ் என்பது வடிப்பின் முதலிலும் ஈற்றிலும் இறங்கும் மாசுள்ள மதுசாரம். வடிசாலைத் தொழிலாளி எவனும் அறிந்த சொற்கள் இவை. இங்கே வேண்டியது ஓர் அடிக்குறிப்பு, அதற்குமேல் எதுவுமன்று.

இனி, மாணவன் இடறாமலே கடந்து செல்லும் இடமொன்றைக் காண்போம். பாதிரியாரின் தங்கை எலைசா, தமையன் உயிரோடிருந்தபோது தாங்கள் பிறந்த வீட்டைக் காண ஒரு வண்டியமர்த்திச் செல்ல விரும்பியதைச் சொல்கின்றாள். ஓசையின்றி ஓடும் புதுவகை வண்டி அது. அதன் சக்கரங்களுக்கு அவள் ஒரு பெயர் தருகின்றாள். காற்றடைத்த சக்கரம் என்பதற்குரிய ஆங்கிலச் சொல் 'நியுமற்றிக்'. அவள் சொன்னதோ 'ருமற்றிக்'. அஃதாவது மூட்டுவாதம் பற்றியது. டன்லொப் காற்றடைத்த சக்கரத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றது 1888இல். கதை நிகழ்வது 1895இல். புதிய பொருள், புதிய சொல், படிப்பறிவு குறைந்த முதியவள் வாயில் அது திரிந்துவிட்டது. ஆங்கிலேயன் இதனைப் படித்தவுடன் முறுவலிப்பான். உடனே அம்முறுவலுக்கு வெட்கப்படுவான், அவள் துயரத்தில் இருக்கின்றாள் ஆதலின். அயன்மொழி மாணவனோ அச்சில் வந்த ஆங்கிலம் அனைத்தையும் பிழையற்றதென நம்புபவன். ருமற்றிக் என்றொரு சக்கரவகை உண்டு போலும் என்று கருதி அவன் அப்பாற் செல்வான். இவ்வாறே எலைசா 'பிரீமன்ஸ் ஜேர்னல்' என்ற டப்ளின் பத்திரிகையின் பெயரை 'பிரீமன்ஸ் ஜெனரல்' என்று சொல்லும்போதும், படைத்தலைவர் ஒருவர் பெயரில் ஒரு பத்திரிகை இருந்ததாக எண்ணி அவன் அமைவான்.

இவ்விடத்திலே தமிழ் வாசகனுக்கென்றே ஒரு பொறி காத்திருக்கின்றது. நம் மொழியில் வாதம் என்ற ஒரு சொல்லே காற்றையும் குறிக்கும். மூட்டு நோயையும் குறிக்கும். பாதிரியாரைப் பற்றிய நோயும் பாரிசவாதமே. எனவே தமிழிற் பெயர்ப்பவன் எலைசாவின் சக்கரத்தை 'வாதச் சக்கரம்' என்று பெயர்த்தால், பிழையும் நகையும் நோயும் ஒரே சொல்லில் வந்து திரண்டு நிற்கும். மூலத்தைவிட மொழிபெயர்ப்பு அழகாகிவிடும். மயங்கி விடுதல் எளிது. ஆனால் அவ்வழகு தமிழ் வைத்தியநூல்கள் தந்த கொடை. ஜோய்சுக்கு அதிற் பங்கில்லை. நோயின் சாயல் எலைசாவின் வாய்ப்பிழையிற் படிந்திருக்கின்றது என்பது மட்டும் மூலத்தில் உள்ளதே. மொழிபெயர்ப்பாளன் அச்சொல்லை ஆளலாம். விமரிசகன் அதனைச் சான்றாகக் காட்டலாகாது. பிறமொழி நூலைத் தன் மொழி வழியே நினைப்பவனுக்கு இத்தகைய இலாபங்கள் இடையிடையே கிட்டும். அவற்றை நூலாசிரியர் கணக்கில் வரவு வைக்காமலிருக்கச் சிறிது நேர்மை வேண்டும்.

எலைசாவின் பேச்சாவது மேற்கோட் குறியோடு, அல்லது ஜோய்ஸ் விரும்பிய முறைப்படி முன்கோடு இட்டு, அவள் பேச்சென்று தெரியுமாறு நிற்கின்றது. ஆசிரியர் கூறுவதுபோல் வரும் வாக்கியத்திலேயே பாத்திரத்தின் மொழி புகுந்துவிட்டால் மாணவன் என்செய்வான்? ஜோய்சின் 'ஓர் இளங் கலைஞனின் உருவப்படம்' 1916இல் நூலாக வெளிவந்தது. அதில் சார்ள்ஸ் மாமா புகைபிடிப்பதற்காக வீட்டின் பின்புறத்துக் கொட்டிலுக்குச் செல்கின்றார். சென்றார் என்பதற்கு ஆசிரியர் ஆண்ட சொல் 'றிப்பெயர்'. மாணவன் அறிந்த பொருள் செப்பனிடுதல். கொட்டிலைத் திருத்தப் போனார் போலும் என்று அவன் நினைக்கலாம். அகராதியிற் கீழே சென்று பார்த்தால் எழுந்தருளுதல், செல்லுதல் என்ற பொருளும் கிடைக்கும். அத்துடன் மனநிறைவடைந்து அகராதியை மூடிவிடுவான். ஆங்கிலம் நன்கறிந்த விமரிசகராகிய விந்தம் லூயிஸ் மூடவில்லை. 1927இல் வெளியிட்ட நூலொன்றில், இது தேய்ந்துபோன பகட்டுச்சொல், நல்ல எழுத்தாளன் ஆளத்தகாதது என்று ஜோய்சைக் கடிந்தார். ஐம்பது ஆண்டுகளின் பின், 1978இல், ஹியூ கென்னர் என்னும் ஆராய்ச்சியாளர் விடையளித்தார். அது ஜோய்சின் சொல்லன்று. தம்மைப் பற்றித் தாமே கூற நேர்ந்தால் சார்ள்ஸ் மாமா விரும்பி எடுத்திருக்கக்கூடிய சொல் என்றார். தலைக்கு எண்ணெய் பூசி, தொப்பியைத் துலக்கி, தம் மிடுக்குக் குறையாமற் கொட்டிலுக்குப் போகும் முதியவரின் மொழி அது. 'இறந்தவர்' என்ற கதையின் முதல் வாக்கியத்தில் லிலி என்னும் பணிப்பெண்ணைப் பற்றிக் கூறுமிடத்து 'லிற்றறலி' என்ற சொல் வழுவாய் ஆளப்பட்டிருப்பதையும் அவர் அவ்வாறே விளக்கினார். சொல்லுக்குச் சொல் என்ற பொருளுடையதை, மிகையாகப் பேசுவதற்குப் பயன்படுத்துவது லிலியின் வழக்கு, ஆசிரியரின் வழக்கன்று.

லூயிஸ் தவறினார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சொல்லில் ஏதோ பொருந்தவில்லை என்பதை அவர் செவி கேட்டது. அயன்மொழி மாணவனுக்கு இல்லாதது அந்தச் செவியே. லூயிஸ் அளவுக்குத் தவறுவதற்கும் அவன் இன்னும் பல காலம் படிக்கவேண்டும்.

எனினும் தமிழ் மாணவன் இவ்விடயத்தில் வெறுங்கையனல்லன். சங்கத்து அகப்பாட்டைக் கற்குமுன் அது யார் கூற்று என்று கேட்க அவன் பழகியிருக்கின்றான். தலைவி கூற்றைத் தோழி கூற்றாகக் கொண்டாற் பாட்டின் பொருளே மாறிவிடும் என்பதை அவன் அறிவான். அகப்பாட்டின் கீழே தொகுத்தோர் வகுத்த கூற்றுக்குறிப்பு நிற்கின்றது; ஜோய்சின் வாக்கியத்தின் கீழே யாரும் குறிப்பு எழுதி வைக்கவில்லை. கேள்வி அதுவே, விடையை மட்டும் மாணவன் தானே தேடவேண்டும்.

அதற்குத் தடையாய் நிற்பது தமிழின் இலக்கண வழக்கொன்று. ஒருவர் நினைத்ததைத் தமிழிற் சொல்லும்போது 'என்று' அல்லது 'என' என்பது வந்து வேலி கட்டிவிடும். வேலிக்குள் இருப்பது அவர் நினைவு; வெளியே இருப்பது ஆசிரியர் கூற்று. ஆங்கிலப் புனைகதையாசிரியரோ ஜேன் ஒஸ்ரின் காலந்தொட்டு அவ்வேலியைப் பிடுங்கிவிட்டு எழுதப் பழகினர். வாக்கியம் படர்க்கையில் நிற்கும், இறந்தகாலத்தில் நிற்கும், ஆயினும் நினைப்பு பாத்திரத்தினது. 'இப்பொழுது', 'நாளை' போன்ற சொற்கள் இறந்தகால வினையோடு சேர்ந்து வருதலும், இடையே ஒரு வியப்புக்குறி வெடித்து நிற்றலும் அதன் அடையாளங்கள். மாணவன் அவற்றை இலக்கண வழு என்று கருதித் தன் மனத்திலே திருத்திவிட்டுப் படித்தால் நூல் கைவிட்டுப் போய்விடும்.

வேர்ஜினியா வூல்ஃப் எழுதிய 'திருமதி டலவே' (1925) என்னும் நாவலின் முதற் பக்கம் இதற்கு ஏற்ற பயிற்சிக் களம். (இவ்வம்மையார் 1912இல் மணந்த லியனாட் வூல்ஃப், 1905இல் யாழ்ப்பாணத்துக்கு அரசாங்க உத்தியோகத்தராய் வந்திருந்தவர்.) ஐம்பது வயது கடந்த கிளறிசா, விருந்துக்குப் பூ வாங்க இலண்டன் வீதியிலே காலையிற் புறப்படுகின்றாள். விருந்தின்பொருட்டு வீட்டுக் கதவுகளைக் கீலிலிருந்து கழற்ற ஆட்கள் வரவிருக்கின்றனர். உடனே 'லார்க்' என்றொரு சொல் வியப்பாக வெடிக்கின்றது. மாணவன் வானம்பாடி என்று எழுதிக்கொள்வான். காலைப்பொழுதுக்கும் அது பொருந்துகின்றது, ஆதலின் ஐயமும் எழாது. பேச்சுவழக்கில் அச்சொல்லுக்குக் களியாட்டம், குறும்பு என்பது பொருள். யாருடைய வியப்பு அது? கிளறிசாவினது. எந்தக் கிளறிசாவினது? அடுத்த வாக்கியத்தில் ஒரு கீல் கிறீச்சிடுகின்றது. கேட்பது இப்பொழுது என்று சொல்லப்படுகின்றது. அக்கீலோ இலண்டன் வீட்டினதன்று. பதினெட்டு வயதில், போட்டன் என்னும் நாட்டுப்புற வீட்டிலே அவள் திறந்த 'பிரெஞ்சுச் சாளரத்தினது'. அச்சாளரமும் சாளரமன்று, நிலத்தைத் தொடும் கண்ணாடிக் கதவு. சாளரம் என்று நம்பியவன், அவள் அதன் வழியே வெளிக்காற்றிற் பாய்ந்தாள் என்பதைப் படித்து அஞ்சுவான். ஆயினும் இச்சிறு பிழைகளைத் திருத்துவது எளிது. முப்பதாண்டு இடைவெளியை ஒரு கீலின் ஓசை தாண்டிவிட்டது என்பதையும், இடையில் 'நினைத்தாள்' என்ற சொல்லை ஆசிரியை இடவில்லை என்பதையும் காண்பதே அரிது. தமிழிற் பெயர்ப்போர் இங்கே கைநடுங்கி, 'அவள் பழைய நாட்களை எண்ணினாள்' என்று ஒரு வாக்கியத்தைத் தாமே கூட்டிவிடுவதுண்டு. அக்கூட்டலோடு அப்பக்கம் இறந்துவிடுகின்றது.

அவருடைய 'கலங்கரை விளக்கத்துக்கு' (1927) என்னும் நாவலிற் காணப்படும் இடர் வேறுவகையானது, கூர்ந்து நோக்கத்தக்கதும்கூட. நூலின் முதற்பகுதி முழுவதும் நம் கண்முன் வாழ்ந்த திருமதி றம்சேயின் மரணம், இரண்டாம் பகுதியிலே சதுர அடைப்புக்குறிக்குள், வாக்கியத்தின் ஒரு துணைத்தொடராக மட்டும் சொல்லப்படுகின்றது. முற்றுவினை அவள் கணவனின் நீட்டிய கைகளுக்கே உரியது. அவள் இறப்புக்கு எச்சவினையே கிடைத்தது. ஆங்கிலப் பதிப்பிலும் அமெரிக்கப் பதிப்பிலும் அவ்வாக்கியத்தின் அமைப்புச் சிறிது வேறுபடுகின்றது. இரண்டிலும் மரணம் துணைத்தொடரிலேயே நிற்கின்றது. ஆங்கில வாசகன் இதில் அதிர்ந்து போகின்றான், பெருஞ்செய்தி முற்றுவினையில் வரவேண்டும் என்பது அவன் எதிர்பார்ப்பு ஆதலின். தமிழோ வினையெச்சங்களால் நடக்கும் மொழி. பிறந்து, வளர்ந்து, மணந்து, இறந்து என்று ஒரு வாழ்க்கை முழுவதையும் எச்சங்களில் அடுக்கி, கடைசியில் ஓர் அற்பவினையால் முடிக்கலாம்; கேட்போர் எவரும் திடுக்கிடார். எனவே தமிழ் மாணவனுக்கு அவ்வாக்கியத்தில் இடரே இல்லை; ஒவ்வொரு சொல்லும் விளங்குகின்றது. அவ்விளக்கமே அவனை ஏமாற்றுகின்றது. பின்னும் பத்துப் பக்கம் சென்று அவள் எங்கே என்று தேடுவோரும் உளர்.

இவ்வளவும் ஆசிரியர் பக்கம் நின்று கூறியவை. ஆசிரியரே குறைபட்ட இடங்களும் உண்டு. ஜோசப் கொன்ராட் போலந்துக் குடும்பமொன்றிற் பிறந்தவர். பிரெஞ்சைப் பயின்றபின், இருபது வயதுக்கு மேல் ஆங்கிலக் கப்பலிற் சேர்ந்தே ஆங்கிலம் கற்றவர். அயன்மொழி மாணவன் அவரைத் தன் இனத்தார் என்று பெருமைகொள்ளலாம். அவர் எழுதிய 'இருளின் இதயம்' என்ற கதை 1899இல் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் வெளிவந்தது. அதில் மார்லோ ஆற்றிலே நீராவிப்படகு செலுத்துகையில், சிறு குச்சிகள் தன்னைச் சுற்றிப் பறந்து வீழ்வதைக் காண்கின்றான். குச்சி எவ்வாறு பறக்கும்? மாணவன் அகராதியிற் குச்சிக்கு வேறு பொருள் தேடுகின்றான். சில வரிகளின் பின்னரே அவை அம்புகள் என மார்லோ அறிகின்றான். கண்டது முன், பொருள் பின். இயன் வாற் என்னும் விமரிசகர் 1979இல் இதற்குத் தனிப்பெயரே இட்டு ஆராய்ந்தார். இங்கே மாணவனின் திகைப்பு மார்லோவின் திகைப்பேயாதலின், அவன் நல்ல வாசகனாகிவிட்டான், தான் அறியாமலே.

ஆனால் அதே நூலில், சொல்லொணாத, விளங்காத, அறியவொண்ணாத என்று பொருள்படும் அடைமொழிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றுக்கும் மாணவன் ஓரத்திற் பொருள் எழுதி, ஆழம் காணாமைக்குத் தன்னையே குறைகூறுகின்றான். எவ். ஆர். லீவிஸ் 1948இலேயே இவ்வடைமொழிக் குவியலைக் கொன்ராட்டின் குறையெனக் கூறினார். நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே 1975இல் நிகழ்த்திய உரையில் அதற்கும் அப்பாற் சென்று, இச்சொன்மூட்டம் நடைக்குறை மாத்திரமன்று, ஆபிரிக்க மக்களை மனிதராகக் காட்ட மறுக்கும் நோக்கை மறைப்பதும் அதுவே என்றார். அவர் கொன்ராட் மீது கூறிய குற்றச்சாட்டு முழுவதையும் ஒப்புக்கொள்ளாதோர் பலர். ஆயினும் அருஞ்சொல்லுக்குப் பொருள் தேடுவதிலேயே முழுக் கவனத்தையும் செலவிடும் மாணவன், அச்சொல் யாரை இழிவுபடுத்துகின்றது என்பதைக் காணாமற் போவான் என்ற அளவில் அவர் எச்சரிக்கை முற்றும் பொருந்தும்.

மீண்டும் டப்ளின் சாளரத்துக்கு வருவோம். 'சகோதரிகள்' கதை எலைசாவின் பேச்சோடு முடிகின்றது, முடியாமல் முடிகின்றது. நள்ளிரவிலே பாதிரியார் பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள் தனியே இருந்து தமக்குள் சிரித்தமையை அவள் சொல்லி, கண்டோர் அவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று தொடங்கிப் புள்ளிகளில் நின்றுவிடுகின்றாள். அப்புள்ளிகளை நிரப்ப உரைகாரர் பலர் முந்தியுள்ளனர். நோய் இன்னதென்று நாட்டியோரும், பாவம் இன்னதென்று நாட்டியோரும் உளர். மூலையை ஒட்டவைத்துவிட்டால் அது இணைகரம், நோமன் அன்று.

தமிழிற் பெயர்ப்பவனுக்கு இவ்விடத்திலே ஓர் இலக்கணத் தொல்லை உண்டு. ஆங்கில வாக்கியத்தில் 'நினைத்தல்' என்ற வினை முன்னே வந்துவிடுகின்றது. நினைத்தது பின்னே வந்து அந்தரத்தில் நிற்கின்றது. தமிழிலோ நினைத்தது முன்னே வரும். 'என்று நினைத்தார்கள்' என்பது கடைசியில் வந்து கதவைச் சாத்திவிடும். எத்தனை புள்ளி இட்டாலும் சாத்திய கதவு சாத்தியதே. தொல்காப்பியர் எச்சம் பத்து என எண்ணியவற்றுள் எனவெனெச்சமும் ஒன்று. அது வினைகொண்டு முடியும். எலைசாவின் இறுதி வாக்கியத்தைத் தமிழாக்குவோன் 'என்று' என்பதோடு நிறுத்தி, அவ்வினையை இடாது விடவேண்டும்.